டீ ஊத்தும்போது பேசாதீங்க

"பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க ஐயா. அத்தனையும் சேறு" என்றாள் அடுப்பருகே நின்றவள், திரும்பாமலே.

பதிப்பாளர் பார்ன்வெல் குனிந்து பார்த்தார். கணுக்கால் வரை டோனகல் மாவட்டத்துச் சேறு. அடியெடுத்து வைத்தால் சளக்கென்றது. இந்த வீட்டில் ஒருத்திக்காவது முதுகிலும் கண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் டப்ளினிலிருந்து வந்தது மற்றவளைப் பார்க்க. சின்ன வயதில் அம்மை கண்டு பார்வை போன கவிஞர் நப்லா டெவெனி. அவள் சொல்லச் சொல்லத் தங்கை கிரானியா எழுதி அனுப்பிய குழந்தைக் கதைகள் பதிப்பகத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தன.

ஆனால் வசந்தத்தில் இங்கே வந்துவிட்டுப் போன குமாஸ்தா ஒரே போடாகப் போட்டுவிட்டான். "குருடாவது ஒண்ணாவது. விடுவிடுன்னு வந்து கதவைத் திறக்கிறா, ரொட்டி நறுக்குறா. நம்ம தலையில மிளகாய் அரைக்கிறாங்க."

அவன் சொன்னது சரியென்றால் புத்தகம் கிடையாது. தவறென்றால் இன்றைக்கே கைப்பிரதியை எடுத்துப் போய் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

சகோதரிகள் இருவரும் ஒரே அச்சு. இரண்டு முகத்திலும் அம்மைத் தழும்பு. ஆனாலும் யார் நப்லா என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரம் இருந்தவளின் இமைகள் இறுக மூடியிருந்தன. வரவேற்க அவள் நீட்டிய கை, அவர் கையை விட்டுவிட்டுத் தொப்பியைப் பிடித்துக் குலுக்கியது.

பார்ன்வெல் லேசில் ஏமாறுகிறவர் அல்ல. பேச்சோடு பேச்சாக ஒரு முக்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி நடுவழியில் வைத்தார். பிறகு, மேசைக்கு வரும்படி அவளைக் கூப்பிட்டார்.

நேராக வந்தவள் முக்காலியில் மோதித் தொபுக்கடீரென்று விழுந்தாள். நடிக்கிறவர்கள் யாரும் அப்படி விழ மாட்டார்கள். விழுந்தபோது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையை எந்தக் குழந்தைப் புத்தகத்திலும் அச்சிட முடியாது.

பார்ன்வெல்லுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளைத் தூக்கி உட்காரவைத்தார். செய்த காரியத்தை மறைக்கிற வேகத்தில், நல்ல தாள், பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"கொஞ்சம் பேசாம இருங்க ஐயா. டீ ஊத்தணும்" என்றாள் அடுப்பருகே இருந்தவள்.

இந்தப் பக்கத்து மரியாதை போலிருக்கிறது என்று அவர் வாயை மூடிக்கொண்டார். தேநீர் முதலில் கனத்த குரலில் கொடகொடவென்று விழுந்தது. கிண்ணம் நிறைய நிறைய அந்த ஓசை மெலிந்து, உயர்ந்து, குழலூதுவதைப் போல ஆனது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே சரியாக நிறுத்தினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கண் தெரியாத கவிஞர் சொன்ன கதைகள்னு அட்டையிலேயே போட்டுடுவோம்" என்றார் அவர். அடிபட்ட முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் தலை குனிந்து நன்றி சொன்னாள்.

கைப்பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு பார்ன்வெல் வண்டி ஏறினார். ஊர் போனதும் முதல் வேலையாக அந்தக் குமாஸ்தாவைக் கண் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

வீட்டுக்குள் இருவரும் அசையவில்லை. குதிரையின் குளம்போசை சேற்றில் சொதசொதத்தது, மரப்பாலத்தில் தடதடத்தது, மறுபடி சேற்றில் அமுங்கிப்போனது. அதுவரை அடுப்பருகே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"பாலம் தாண்டிட்டாரு. கண்ணைத் திற, கிரானியா."