பின்னால் நிற்பது யார்?

"என்னங்க, கம்ப்யூட்டருக்குள்ள எறும்பு போகுது" என்றாள் அவள், மேசை துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு.

வீடியோ கேம் செய்வதே தொழிலாக இருந்த அவள் கணவர் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பக் இல்லாத ப்ரோகிராம் உலகத்துல உண்டாம்மா?" என்றார். அவர் தொழிலில் பிழைக்குப் பூச்சி என்றுதான் பெயர்.

"இந்த வாய் மட்டும் இல்லேன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிடும்."

சர்க்கரை போடாத டீயை வழக்கம்போல முகம் சுளிக்காமல் குடித்து முடித்து, டம்ளரை நீட்டினார். அன்று மாலை நடக்கப் போனவர் நடந்து திரும்பவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை, நடை, அளந்த சாப்பாடு என்று பன்னிரண்டு வருடம் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவளுக்கு, எங்கே தவறியது என்று மட்டும் விளங்கவே இல்லை.

ஐந்து மாதம் கழித்து, அவருடைய கேமை அனிமேஷன் படமாக எடுப்பவர்கள் அவளை அழைத்தார்கள். பன்னிரண்டு இருக்கைகள் கொண்ட சின்னத் திரையரங்கு. குளிரில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"படம் முடிஞ்ச மாதிரிதான், அண்ணி" என்றான் இயக்குநர். "ஒரே ஒரு இடத்துலதான் மாட்டிக்கிட்டு முழிக்கிறோம்."

திரையில், எரியும் கோட்டைக்கு முன்னால் வீரன் நின்றான். இடது கையில் வாள். கேம் ஆடுபவர் பத்து நொடி சும்மா இருந்துவிட்டால் அவன் வழக்கமாகச் செய்வதை இப்போதும் செய்தான். வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். வாய் அசைந்தது. பின்னால் யாரும் இல்லை.

"பின்னாடி யாருன்னு பத்து வருஷமா ரசிகருங்க அடிச்சுக்கிறாங்க. அண்ணன்கிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 'படம் முடியட்டும், சொல்றேன்'னு சிரிச்சுட்டுப் போயிடுவாரு."

"வாயில ஏதோ மந்திரம் சொல்றான்" என்றாள் கதை எழுதும் பெண். "உதட்டசைவைப் பாத்து நாலு பேர் நாலு விதமா எழுதி வெச்சிருக்காங்க."

"மறைக்கிற கையில ஒண்ணுமே இல்லியேம்மா?" என்றாள் அவள்.

"அதுதாங்க சூட்சுமமே!"

இயக்குநர் பட்டனைத் தட்டினான். வீரனுக்குப் பின்னால், வாசல் நிலையை அடைத்துக்கொண்டு ஒரு பூதம் முளைத்தது. இமைக்காத கண். காற்றை மோப்பம் பிடிக்கும் நீள மூக்கு.

"இப்படி ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கோம். காலடிச் சத்தம் கேக்காது. எதை ஒளிச்சாலும் கண்டுபிடிச்சிடும். ஆயிரம் பேரை வெட்டுறவன் இது ஒண்ணுக்குத்தான் நடுங்குவான். எப்படி அண்ணி?"

"மூக்கு கொஞ்சம் பெரிசு" என்றாள் அவள்.

"அண்ணன் மனசுல இருந்தது இதுதானான்னு தெரியணும். தப்பாக் காட்டினா ரசிகருங்க பிச்சு எடுத்துடுவாங்க. உங்களுக்கும் தெரியலைன்னா, அந்தத் திரும்பிப் பாக்குறதையே வெட்டிடலாம்னு இருக்கோம்."

வெட்டிடலாம் என்றதும் அவள் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். அந்த வீரனுக்கு முகம்தான் வேறு. ஓட்டமும் குதிப்பும் வாள்வீச்சும் அவருடையவை. வீட்டுக் கூடத்தில் கேமராவை ஓடவிட்டு, ஒட்டடைக் குச்சியோடு மூச்சிரைக்க ஆடி, ஓய்ந்து நின்று, பிறகு அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தார். சுவரில் மாட்டிய போட்டோவில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே இருப்பவர் பார்க்கிறார்.

"இன்னொரு தடவை போடுங்க, தம்பி."

திரும்பினான். கையை மறைத்தான். வாய் அசைந்தது.

"இன்னும் ஒரே தடவை. பக்கத்துல காட்டுங்க."

திரை முழுக்க முகம் வந்தது. வலது கன்னம் லேசாக உப்பியது. அவசரமாக மூன்று அசைவு. தொண்டையில் ஒரு விழுங்கல். உடனே, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்கிற மாதிரி ஒரு முகம்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன்னால், பூச்சியைப் பற்றி வேடிக்கை பேசிய முகம். அந்தக் கம்ப்யூட்டர் அணைந்தே கிடக்கிறது. வாரம் தவறாமல் துடைக்கிறாள். எறும்பு மட்டும் இன்றைக்கும் வரிசை கலையாமல் அதற்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கதை எழுதும் பெண் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"என்ன அண்ணி? மந்திரம் புரிஞ்சிடுச்சா?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல, தம்பி. பிஸ்கட்டு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்ற அந்தப் பூதத்தை மறுபடியும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "வெட்டிடாதீங்க. பின்னாடி நிக்கிறது நான்தான்."