கை கொடுக்காத சுவிட்ச்

ஒரு நீச்சல் குளத்தின் ஓரத்தில், குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் ஒன்று இருந்தது. அதற்குள் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் தண்ணீர் சுவிட்சும், சூடு மிஞ்சுகிறதா என்று பார்க்கும் சூடு சுவிட்சும் அக்கா தங்கை. இருவரும் கைகோத்து நின்றால்தான் கரண்ட் பாயும், பர்னர் எரியும்.

அன்றைக்கு மோட்டார் ஓடியும் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. தண்ணீர் சுவிட்ச் கையைக் கட்டிக்கொண்டது.

“கையைக் குடுடி! பிள்ளைங்க குளத்துல இறங்காம நடுங்கிட்டு நிக்குது” என்று கத்தியது பர்னர்.

“தண்ணி வரட்டும், தரேன். வெறுங்குழாயைச் சுட்டா வெடிச்சிடும்.”

“பெரிய கலெக்டரு!”

மெக்கானிக் செல்லையா வந்தார். “இந்த சுவிட்ச்தான் அவுட்டு” என்று அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார்.

“பாத்தியா, நீ இல்லாமலே வேலை நடக்குது. நான் எதையும் பாக்க மாட்டேன், கேட்டதும் கை குடுத்துடுவேன்” என்று இளித்தது வயர்.

பர்னர் குபீரென்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் செம்புக்குழாய் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

“அடியே தங்கச்சி!” என்றது தண்ணீர் சுவிட்ச்.

“எனக்குச் சுடுதுக்கா” என்ற சூடு சுவிட்ச் வெடுக்கென்று கையை உதறியது. பர்னர் அணைந்தது.

செல்லையா தலையைச் சொறிந்தார். “ரெண்டும் சேர்ந்தாப்புல எப்படிக் கெடும்?” பிறகுதான் மோட்டாரை நிறுத்தி ஃபில்டரைத் திறந்தார். வேப்பிலையும் ஒரு குழந்தையின் ஜட்டியும் அடைத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் வழித்துப் போட்டார். வயரையும் கழற்றினார்.

மோட்டார் போட்டதும் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. யாரும் கேட்காமலே அக்கா கையை நீட்டியது. குழாய் குளிர்ந்ததும் தங்கையும் பிடித்துக்கொண்டது.

“அவ்வளவு பிகு பண்ணிட்டு இப்ப மட்டும் என்னவாம்?” என்றது பர்னர், எரிந்துகொண்டே.

“நீ பேசாம எரி. தண்ணி நின்னுச்சுன்னா மறுபடியும் கையை எடுப்பேன்.”