கிழிக்கத் தகுந்த புத்தகம்

ஒரு நூலகத்தின் கடைசி அலமாரியில் ராமபாணப் பூச்சி ஒன்று இருந்தது. பக்க ஓரங்களை அரித்தபடியே எல்லாப் புத்தகங்களையும் படித்துவிட்டது. எந்தப் புத்தகத்தையும் அது நல்லதென்று சொன்னதில்லை.

ஒருநாள் நிறைமாதச் சுண்டெலி ஒன்று அங்கே வந்தது.

"அண்ணே, கூடு கட்டக் காகிதம் வேணும். உதவாத புத்தகமா ஒண்ணு காட்டுங்க, கிழிச்சுக்கிறேன்."

"அந்தத் தடி நாவலை எடுத்துக்கோ. நானூறு பக்கமும் ஒரே அழுகை."

சுண்டெலி அட்டையில் பல்லை வைத்ததும் பூச்சி பதறியது. "கொஞ்சம் இரு. முப்பதாம் பக்கத்துல ஒருத்தி மழையில பஸ்ஸுக்கு நிப்பா. அந்த இடம் நல்லா இருக்கும். அதை விட்டுடு."

"சரி, இந்தச் சமையல் புத்தகம்?"

"உப்பு எவ்வளவுன்னே எழுதலை. ஆனா வத்தக்குழம்பு பத்திப் படிச்சப்போ எனக்கே பசிச்சுது."

"அப்போ இந்தப் பயணக் கட்டுரை?"

"பாதிக்குமேல பொய். ஆனா நான் கடலைப் பார்த்தது அதுலதான்."

இப்படியே பன்னிரண்டு புத்தகங்கள் தப்பித்தன. சுண்டெலி சலித்துப்போய், மூலையில் கிடந்த பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கூடு கட்டிக்கொண்டது. இரண்டு நாளில் ஐந்து குட்டிகள் பிறந்தன.

பூச்சி பார்க்க வந்தது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. தலை பெரிசு, வால் தேவைக்குமேல நீளம்" என்றது.

சுண்டெலிக்குக் கோபம் வரவில்லை. பூச்சி அன்று பொழுது சாயும்வரை கூட்டை விட்டு நகரவேயில்லை.