பின்வாசலின் உயரம்

"அந்தப் பின்வாசலை அடைச்சிடுங்க சார்."

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுடாதே என்றுதான் அம்மா அஞ்சுகத்தை வேலைக்கு அனுப்பியிருந்தாள்.

தலைமையாசிரியர் சிரித்தார். "உங்க காலனிக்கு அதுதானேம்மா கிட்ட? நீயும் அதுல வந்துதானே டீச்சரான?"

வந்தாள்தான். தலை தட்டும் அந்த வாசலில் பத்து வருஷம் குனிந்து குனிந்து, கல்லூரியின் உயரமான வாசலிலும் குனிந்தாள். தோழிகள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

"அடைச்சா பிள்ளைங்க ஊர்த்தெரு வழியாத்தான் வரணும். ஊர்ல விடுவாங்களா?" என்றார் அவர்.

"விட மாட்டாங்க. நாளைக்கு நாப்பது பேரையும் நானே கூட்டிட்டு வரேன். முன் கேட்டைத் திறந்து வைங்க."

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பியபோது அவள் முன்வாசலுக்குப் போனாள். அதற்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது. அப்படியும் கழுத்து குனிந்தது. அதை நிமிர்த்திக்கொண்டு, ஊர்த்தெருவில் தனியாக இறங்கினாள்.