சிவப்பு அட்டையின் பின்புறம்

பென்சிலைச் சீவிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "சாம்பார்ல உப்பு கம்மி, பாஞ்சாலி" என்று சொல்லிவிட்டுத்தான் என் கணவர் ஃபுட்பால் மேட்சுக்கு ரெஃபரியாகப் போனார். கூட்டத்திலிருந்து வந்த கல் அவரைக் கொன்றுவிட்டது.

ஆறு மாதம் கழித்து எங்கள் காக்ஸ் டவுன் வீட்டுக்கு எம்.எல்.ஏ. கோவிந்தப்பா வந்தார்.

"மைதானத்துல ரவுடித்தனம் பண்ணா மூணு வருஷம் ஜெயிலும்மா. நானே மசோதா கொண்டு வர்றேன். மேடையில நீங்க என் பக்கத்துல உட்காரணும்."

"தூண்டிவிட்டவங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான் முதல்ல! ஆனா பார்த்தவங்க யாரும் வாயைத் திறக்கலையே."

ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அவர் சட்டையிலிருந்த சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினேன். யாரை வெளியேற்றினாலும் அதன் பின்புறம் குறித்துக்கொள்வது அவர் வழக்கம்.

"மேடையில இதைப் படிக்கிறேன் சார். வரட்டுமா?"

படித்தவர் முகம் வெளுத்தது. அட்டையை மெல்லத் தன் பைக்குள் நுழைத்தார்.

"குடுங்க. அது என் வீட்டுக்காரரோடது."

கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை: 'எழுபதாவது நிமிடம். கூட்டத்தைத் தூண்டி விட்டது. கிளப் தலைவர், கோவிந்தப்பா எம்.எல்.ஏ.'