ரெண்டு வேளை மாத்திரை

"இனிமே ரெண்டு மாத்திரை வேண்டாம் சார். பி.பி.க்கும் கொலஸ்ட்ராலுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை வந்திருக்கு. காலையில ஒண்ணு போட்டா போதும்," என்றார் டாக்டர் ப்ரியம்வதா.

"வேண்டாம்மா. பழையபடி காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னே எழுதுங்க," என்றார் சண்முகவேல். ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் முப்பது வருஷம் டர்பைன் பாகங்களைப் பொருத்தியவர். பிடிவாதத்துக்குப் பேர்போனவர்.

"புது மாத்திரைன்னா பயமா சார்?"

"பயமெல்லாம் இல்ல."

"பழசு வீட்ல நிறைய மிச்சம் இருக்கோ?"

"அதுவும் இல்லம்மா. மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது என் சம்சாரம்."

டாக்டர் சிரித்தார். "அப்ப அவங்களுக்கும் ஒரு வேளை வேலை மிச்சம்தானே!"

சண்முகவேல் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு வருஷமா அவளுக்கு ஞாபகம் தப்பிப்போச்சும்மா. நாள் பூரா என்னைப் பார்த்து, 'யாருங்க நீங்க, எதுக்கு வந்திருக்கீங்க?'ன்னு கேக்கிறா. இந்த அட்டையை அவ கையில கொடுத்தா மட்டும், பழக்கதோஷத்துல ஒண்ணைப் பிரிச்சு, தண்ணியோட நீட்டி, 'என்னங்க, முழுங்குங்க'ன்னு அதட்டுறா. அப்ப மட்டும்தான் நான் அவ புருஷன்."

அட்டையை எடுத்து டாக்டரின் மேஜைமேல் வைத்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டே தடவைம்மா. அதை ஒண்ணாக்கிடாதீங்க."