முனகலைக் கேட்ட கம்பி

வெயில் எட்டாத கடலடியில் ஒரு நிலப்பிளவு படுத்திருந்தது. அதன் முதுகின் குறுக்கே, ஊரார் பேச்சையெல்லாம் ஒளியாகச் சுமந்து போகும் கண்ணாடி இழைக் கம்பி ஒன்று கிடந்தது.

ஒருநாள் கம்பிக்குள் ஓடிய ஒளி லேசாக நடுங்கியது.

"நீ அசைஞ்சியா?" என்றது கம்பி.

பிளவு திகைத்துப் போனது. "மயிரிழைதான் நகர்ந்தேன். அதுகூடவா உனக்குத் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது. என்ன செய்யுது உனக்கு?"

மேலே ஒரு திமிங்கலம் நிதானமாகக் கடந்து போனது.

"யுகயுகமா முனகிட்டுத்தான் இருக்கேன். இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. தாங்க முடியாம ஒருதடவை கத்தினேன். அலை எழும்பிப் போச்சு. கரையில மிஞ்சினவங்க, 'சொல்லாம கொள்ளாம வந்துட்டுதே'ன்னு அழுதாங்க."

சொல்லும்போதே பிளவு மறுபடி முனகியது. அந்த நடுக்கம் ஒளியோடு ஓடிக் கரை சேர்ந்தது.

கரையில், கம்பியின் ஒளி நடுங்குவதைக் காட்டும் கணினித் திரையைக் கவனித்துக்கொண்டிருந்த நிலநடுக்க ஆய்வாளர் ரெஜினா, டீ டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் பேச்சை நிறுத்துங்க. அடியில என்னவோ சொல்லுது."

திரையில் மெல்லிய கோடு ஒன்று நடுங்கியது. அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து திரையைச் சுற்றி நின்றார்கள்.